மாமியாரின் இன்சுலினும் 388 வெள்ளிப் பெட்டியும்

கேள்வி: சிங்கப்பூரில், யீஷூனில் 11வது மாடி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு 76 வயது. காலை 20, மாலை 14 யூனிட் இன்சுலின் போடுகிறார். மகனுக்கு இரண்டு வயது. நானும் கணவரும் ராஃபிள்ஸ் பிளேசுக்கு வேலைக்குப் போய்விட்டால் இவர்கள் இருவருடன் பணிப்பெண் மட்டும்தான் வீட்டில். மூன்று நாளுக்கு முன் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளமோ நில அதிர்வோ வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ‘72 மணி நேரப் பேரிடர்ப் பெட்டி’ ஒவ்வொரு வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்றார். விலை 388 வெள்ளி, இன்சுலினுக்குக் குளிர்பை தனியாக 120 வெள்ளி. தவணையில் கட்டலாம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது தேவைதானா? இல்லையென்றால் பையில் என்னதான் வைப்பது?

பதில்: பையைப் பிறகு பார்ப்போம். முதலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுங்கள். நீங்கள் கூப்பிடாமல் வீடு தேடி வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தை ஐந்து நாளுக்குள் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்த ஐந்தில் சேராது. தொலைபேசியில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். “யோசித்துச் சொல்லுங்கள் அக்கா, அடுத்த வாரம் வருகிறேன்” என்று இழுப்பதே அவர்கள் வழக்கம். அடுத்த வாரம் ஆறாவது நாளாகிவிடும். ரத்து செய்கிறேன் என்று எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம்.

தீயணைப்பையும் மீட்பையும் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை யாரையும் வீடு வீடாக அனுப்பிப் பொருள் விற்பதில்லை. நீலச் சட்டை, கழுத்து அட்டை, கையில் கோப்பு, இதெல்லாம் எந்த அச்சகத்திலும் கிடைக்கும். அவசரகாலப் பை வைத்திருங்கள் என்று படை சொல்வது ஆலோசனை, கட்டாயம் அல்ல. சட்டம் கட்டாயமாக்கியது புகை எச்சரிக்கைக் கருவியைத்தான், அதுவும் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு. வந்தவரிடம் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சட்டம் கேட்காத இடத்தில் நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கவோ அட்டையை நகலெடுக்கவோ 2019 செப்டம்பர் முதல் தடை இருக்கிறது. கொடுத்துவிட்டு மனம் உறுத்தினால் மோசடி உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

இனி பெட்டி. இந்தப் பெட்டிகளின் விளம்பரத்தில் ‘100க்கும் மேற்பட்ட பொருள்கள்’ என்று இருக்கும். திறந்து எண்ணிப் பாருங்கள். பஞ்சுக்குச்சி ஒவ்வொன்றும் ஒரு பொருள், பிளாஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு பொருள். மீதி ஒரு கைக்கோடரி, தீக்கல், மடக்கு அடுப்பு, கூடாரம். சூறாவளியில் ஊரே அழிந்து, காட்டோரம் மூன்று நாள் தங்க நேரும் நாட்டுக்கு எழுதிய பட்டியல் அது. யீஷூன் 11வது மாடியில் கோடரியை வைத்து என்ன வெட்டுவது?

இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். 11வது மாடிக்கு அது ஏறி வரப்போவதில்லை. அந்த நேரத்தில் கீழே போகாமல் இருப்பதே பாதுகாப்பு. சுமத்ரா நில அதிர்வு இங்கே உணரப்பட்டால் மேசைக்கடியில் ஒதுங்கி, நின்றபிறகு விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்துக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். உங்களைப் படியிறங்க வைக்கக்கூடியது பக்கத்து வீட்டில் வெடித்த மின்சைக்கிள் பேட்டரி, எரிவாயுக் கசிவு, இல்லாவிட்டால் 2023 செப்டம்பர் 26ஆம் தேதி அப்பர் புக்கிட் தீமாவில் நடந்ததைப் போன்ற ஒன்று. கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ இரண்டாம் உலகப்போர்க் குண்டைச் செயலிழக்கச் செய்ய 4,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அன்றே வீடு திரும்பினார்கள். ஆகவே நீங்கள் திட்டமிட வேண்டியது சில மணி நேரத்துக்கு, மிஞ்சினால் ஓர் இரவுக்கு. தங்குமிடம் ஒரு சமூக மன்றமாகவோ பள்ளிக்கூடமாகவோ இருக்கும். அங்கே தண்ணீர் கிடைக்கும். மாமியாரின் மருந்து கிடைக்காது.

72 மணி நேரக் கணக்கை எடை போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்பது அந்தப் பட்டியல்களின் அளவு. பகலில் வீட்டில் இருக்கும் மூவருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது 36 கிலோ. மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாத நேரத்தில் பத்து மாடி இறங்குவது யார்? உங்கள் பணிப்பெண். ஒரு கையில் பையன், மறு கையில் உங்கள் மாமியாரின் முழங்கை. மாமியாரின் இன்னொரு கை கைப்பிடிக் கம்பியில். பைக்கு மிஞ்சுவது முதுகு மட்டும். நான்கு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், படியில் அது இழுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிடும். பிள்ளைகளின் பழைய பள்ளிப்பை போதும், மார்புப் பட்டி இருந்தால் நல்லது. தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று. குழாய் நின்றுபோகும் நாளுக்கான தண்ணீரை வீட்டில் தனியாக வையுங்கள், அது வேறு விஷயம்.

இன்சுலினைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், 120 வெள்ளி போகவிருந்தது அங்கேதான். பிரிக்காத இன்சுலின் பேனா குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா அப்படியல்ல. 30 பாகைக்குக் கீழ், வெயில் படாத இடத்தில் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும் (சரியான நாள் கணக்கு மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு). பிரித்த தேதியைப் பேனாவின் மேல் ஒட்டிவிடுங்கள். ஒரு பேனாவில் 300 யூனிட். மாமியாருக்கு நாளுக்கு 34, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்க வெளியேற்றும் 2 யூனிட்டையும் சேர்த்தால் 38. ஒரு முழுப் பேனா ஏழு நாளுக்கு மேல் வரும். ஓர் இரவு வெளியே தங்க, கையில் இருக்கும் அந்தப் பேனாவே போதும். குளிர்பையே தேவையில்லை.

ஒரு பேனாவில் 100 யூனிட்டுக்குக் கீழே போய்விட்டால் அது இரண்டரை நாள் மருந்து. அப்போது மட்டும் வெளியேறும்போது குளிர்பெட்டியிலிருந்து இன்னொன்றைச் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்கும் விற்பனையாளரின் பை வேண்டாம். தண்ணீரில் ஊறவைக்கும் வகைப் பைகள் நீர் ஆவியாவதால் குளிர்பவை. காற்று வறண்டிருக்கும் ஊரில் நன்றாக வேலை செய்யும், இங்கே எப்போதும் கசகசவென்று இருக்கும் காற்றில் ஆவியாவதே மந்தம். ஊறவும் பத்து நிமிடம் வேண்டும், எச்சரிக்கை மணி அதுவரை காத்திருக்காது. இன்னொரு வகை, உறைய வைத்த ஐஸ்கட்டியுடன் வரும். அது இன்னும் மோசம். பேனா ஐஸில் நேராகப் பட்டால் இன்சுலின் உறையும், உறைந்தது இளகினாலும் குப்பைக்குத்தான். சாதாரண வெப்பக்காப்புச் சாப்பாட்டுப் பை ஒன்றும், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் (உறைபகுதியில் அல்ல) எப்போதும் கிடக்கும் ஜெல் பொட்டலம் ஒன்றும் போதும். துணி சுற்றி வையுங்கள். உறையாததால் அதன் குளிர் சில மணி நேரந்தான் நிற்கும், ஆனால் மருந்தைக் கெடுக்காது. வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்த இன்சுலின் விஷமாகிவிடாது, வீரியம் மெல்லக் குறையும். அதற்காகப் பயந்து ஒரு வேளை ஊசியைத் தவிர்த்துவிட வேண்டாம். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கினால், அல்லது பால் போன்ற கலவை வகையை உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டினால், அதைப் போடாதீர்கள்.

பயன்பாட்டுப் பேனா, சர்க்கரைச் சோதனைக் கருவி, அதன் பட்டைகள், பத்து ஊசி, பயன்படுத்திய ஊசியைப் போடக் கெட்டியான சிறு டப்பா: இவை ஐந்தும் ஒரே சிறு பையில் அன்றாடம் புழங்கட்டும். ஊசி போட்டதும் திரும்ப அதே பைக்குள். ஊசியைப் பேனாவிலேயே விட்டு வைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழி புகும், கழற்றிவிடுங்கள். பட்டைகளை அவற்றின் சொந்தப் புட்டியிலிருந்து மாற்றாதீர்கள், ஈரம் பட்டால் அளவு தப்பாகக் காட்டும். அந்தச் சிறு பை வாசலருகே அவசரப் பைக்குப் பக்கத்தில் நிழலில் தொங்கட்டும். மாலை ஊசி போட்டபின் சாப்பிட முடியாமல் வெளியேற நேர்ந்தால் சர்க்கரை சரியும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி சீனி அல்லது நான்கு குளுக்கோஸ் மாத்திரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சாக்லெட் வேண்டாம், இளகும், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். பிஸ்கட் பொட்டலம் ஒன்று உடன் இருக்கட்டும்.

மாத்திரைகள் மூன்று நாளுக்கு, அட்டையோடு. பலதுறை மருந்தகத்தில் அடுத்த வருகை வரை நாளை எண்ணித்தான் தருவார்கள், பையில் வைக்கக் கூடுதலாக ஒரு மாத்திரை மிஞ்சாது. மூன்று நாளுக்குத் தயாராக இருங்கள் என்று அரசின் ஒரு கை சுவரொட்டி ஒட்டுகிறது, இன்னொரு கை மாத்திரையை எண்ணுகிறது! மருந்து வாங்கும் முகப்பில் மருந்தாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: “அவசரப் பைக்கு ஒரு வாரம் கூடுதலாக வேண்டும்.” கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை மருந்து வாங்கி வந்ததும் பையில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டு, புதியதை உள்ளே வையுங்கள்.

மருந்துப் பட்டியல் ஹெல்த்ஹப் செயலியில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, உங்கள் கைத்தொலைபேசியில், சிங்பாஸ் உள்நுழைவுக்குப் பின்னால், ராஃபிள்ஸ் பிளேசில். வீட்டில் இருப்பவர்களில் ஒருவருக்கு இரண்டு வயது, ஒருவருக்கு 76, மூன்றாமவருக்கு அந்தச் செயலியில் உங்கள் மாமியாரைத் திறக்க வழியில்லை. எல்லாவற்றையும் செயலிக்குள் போட்டுப் பூட்டியவர்கள் இதை யோசிக்கவே இல்லை. ஆகவே காகிதம். மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, உங்கள் இருவரின் எண்கள், தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்குமான 995. ஆங்கிலத்தில் தெளிவான கையெழுத்தில், மேலே தேதியுடன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் நகல்களோடு நீர் புகாத உறையில் போடுங்கள். அசல்களை வைக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. டார்ச் ஒன்று, பேட்டரியை வெளியே எடுத்து டேப் சுற்றி. உள்ளேயே விட்டால் ஓராண்டில் கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடிக்கும். விசில். பேட்டரியில் ஓடும் சின்ன எஃப்எம் வானொலி, மாமியாருக்காகத் தமிழ் நிலையமான ‘ஒலி 96.8’இல் நிறுத்தி. கைப்பிடி சுற்றும் வானொலி வேண்டாம், பாதி நேரம் சுற்றுவதிலேயே போகும். இரண்டு, ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகளாக 100 வெள்ளி. பவர்பேங்க் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்னேற்றி. உப்பியிருந்தால் உடனே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பையனுக்கு டயப்பர் ஐந்து, 125 மில்லி நெடுநாள் கெடாத பால் பொட்டலம் மூன்று, மாற்றுடை. இந்த வயதில் டயப்பர் அளவு சீக்கிரம் மாறும், பை பழைய அளவிலேயே நின்றுவிடும்.

என்95 முகக்கவசம் பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு. இது புகைமூட்டத்துக்கு. தீயின் புகைக்கு அல்ல, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதன் வழியே தாராளமாக வரும். ‘தீயிலும் காக்கும்’ என்று யாராவது விற்றால் கதவைச் சாத்துங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது பொருந்தாது. வாங்குவதானால் புகைமூட்டம் வருமுன் ஜனவரியில் வாங்குங்கள். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட சமயத்தில் கடைகளில் கவசம் தீர்ந்துபோனது. அப்படிப்பட்ட நாளில்தான் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ‘மொத்தமாக எடுத்துத் தருகிறேன், பேநவில் பணம் அனுப்புங்கள்’ என்று ஒருவர் முளைப்பார்.

பை வாசலருகே வீட்டுக்குள்ளே இருக்கட்டும். பொது நடைபாதையில் வேண்டாம், வீட்டுக் காப்பறையில் (குண்டுவீச்சுக்கு ஒதுங்கும் அறை) அரிசி மூட்டைக்குப் பின்னாலும் வேண்டாம். தீ என்றால், கை எட்டும் இடத்தில் இல்லாத பையைத் தேடித் திரும்பக் கூடாது. நடைபாதை முழுதும் புகையாக இருந்தால் இறங்கவும் கூடாது. கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி அடைத்து, சன்னலருகே நின்று 995ஐ அழைக்க வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி 15, செப்டம்பர் 15 மாலை 6.20க்கு ஒத்திகையாக அபாயச் சங்கு ஒலிக்கும்; அன்று பையைத் திறந்து தேதிகளைப் பாருங்கள்.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறவர் பணிப்பெண். அவரோடு ஒரு ஞாயிறு முழுப் பையுடன் கீழ்த்தளம் வரை நடந்து பாருங்கள், எந்த மாடியில் மாமியார் உட்கார வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சர்க்கரை சோதிக்கவும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவருடைய மாற்றுடைக்கும் மருந்துக்கும் பையில் இடம் விடுங்கள். அவருடைய பாஸ்போர்ட் உங்கள் அலமாரியில் பூட்டியிருந்தால் இன்றே அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பதே குற்றம். அலமாரிச் சாவியும் உங்களோடு ராஃபிள்ஸ் பிளேசில்தானே இருக்கும்.