34 சதவீதம் என்று வந்துவிட்டதா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. மகனின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கை 34 சதவீதம் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறது என்று எழுத்துத் திருட்டைத் தேடும் மென்பொருள் சொல்லிவிட்டது. அவனோ அதைத் திருத்தாமல், இரண்டு கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை ராத்திரியெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் கவலைக்குக் கொஞ்சம் வேலை பார்க்க வேண்டும். இரண்டாவது, என்னைக் கேட்டால், கவலையே இல்லை.

அந்த 34 திருட்டின் அளவு அல்ல. எழுத்து எவ்வளவு பொருந்துகிறது என்ற கணக்கு மட்டுமே. மேற்கோள்கள், நூல் பட்டியல், எல்லோரும் எழுதும் வாடிக்கையான சொற்றொடர்கள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கலாம். அறிக்கையைத் திறந்து, வண்ணம் தீட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பத்தி முழுக்க ஒரே மூலத்திலிருந்து வந்து, அதன் பெயரும் இல்லையென்றால், மொத்தம் வெறும் 5 சதவீதம் என்றாலும் தப்பு தப்புதான். அதை மறைக்காமல் திருத்தட்டும்.

சரி, அவன் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ‘தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன’ என்ற வாக்கியத்தில் ஆறு சொற்கள். மும்மூன்று சொற்களாக நகர்த்திக்கொண்டே போனால் நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, மற்ற ஆவணங்களின் எண்களோடு பொருத்திப் பார்ப்பது இந்தத் துறையின் பழைய உத்தி. ‘கொண்டு’ என்பதை ‘பயன்படுத்தி’ என்று மாற்றுங்கள். நான்கில் மூன்று துண்டுகள் மாறிப்போகும்! பிள்ளைகள் இதை வைத்துத்தான் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதனால்தான் பொருளின் நெருக்கத்தையும் அளக்கும் முறைகள் வந்தன.

தமிழில் இது இன்னும் சிக்கல். மரம், மரத்தில், மரங்களை எல்லாம் நமக்கு ஒரே சொல். விகுதியைப் பிரிக்கத் தெரியாத புரோகிராமுக்கு மூன்று சொற்கள். இலக்கணம் தெரிந்தவருக்கும் கணினித் துறையில் இடம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். மகன் பள்ளியில் தமிழ் இலக்கணத்தை வெறுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, இப்போது தேவை வந்துவிட்டது, தானாகப் படிப்பான்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ‘திருட்டு கண்டுபிடிப்பவர்’ என்ற பெயரில் வேலை தேடினால் அதிகம் கிடைக்காது. ஆனால் இதே திறமைதான் தேடுபொறிக்கும் மொழிபெயர்ப்புக் கருவிக்கும் அடிப்படை. மாணவர்களின் புரோகிராம்களை ஒப்பிட 1994-இல் அலெக்ஸ் எய்க்கன் உருவாக்கிய மாஸ் என்ற மென்பொருள் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா, மேடிசனா என்ற பழைய சண்டையில், சின்னச் சின்னச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணியே மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1964-இல் மேடிசன் பக்கம் கை காட்டினார்கள். புள்ளியியலும் மொழியும் சேர்ந்த வேலை அது. மேற்படிப்புக்கு இயல்மொழிச் செயலாக்கம் (மனித மொழியைக் கணினி கையாளச் செய்யும் துறை), கணினி மொழியியல் உள்ள பாடத்திட்டத்தைப் பாருங்கள். புள்ளியியலை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இந்த வாரம் அவன் தன் புரோகிராமில் தன் அறிக்கையையே போட்டுப் பார்க்கட்டும். எந்தப் பத்தி மாட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, திருத்திய பிரதியோடு வழிகாட்டி ஆசிரியரைப் போய்ப் பார்க்கட்டும். அந்த புரோகிராமையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.