வாசகர் கேள்வி–பதில்: கயாக்கை இறக்கும் முன் டேமை அறிவது

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் அருகே உள்ள ஹேஸல்மியர் டேமில் விடுமுறை நாட்களில் விசைப்படகுகளின் ஆரவாரம் அதிகம். ஆகவே கயாக்கில் (துடுப்பால் செலுத்தும் சிறு படகில்) சென்று பாஸ் மீன் பிடிக்க ஏற்ற சிறிய பண்ணை டேம்களைத் தேடி வருகிறேன். புதிய இடத்திற்குப் போனால் மீன் எங்கே நிற்கிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் கழிந்துவிடுகிறது. எதை முதலில் கவனிக்க வேண்டும்?
— வெருலம் வாசகர்

பதில்: முதல் முறை போகும்போது கயாக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜூலை அல்லது ஆகஸ்டில், பண்ணை உரிமையாளரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, டேமின் கரையைக் கால்நடையாக முழுவதும் ஒருமுறை சுற்றி வாருங்கள். தென்னாப்பிரிக்காவில், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மழை கோடையில்தான் பெய்கிறது. ஜூலை, ஆகஸ்டை உள்ளடக்கிய நம் குளிர்காலம் வறண்டது, பாசனத்துக்கும் அப்போதுதான் நீரை இறைப்பார்கள். அதனால் அந்த மாதங்களில் மட்டம் இறங்கி, டிசம்பரில் இரண்டு மீட்டர் நீருக்கடியில் மறையப்போகும் தரை உங்கள் காலடியிலேயே கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு டேமின் வெடித்த சேற்றில் நடந்தேன். கரையிலிருந்து பார்த்தால் எங்கும் ஒரே மாதிரியான நாணலாகத் தெரிந்த அந்த டேமில், பழைய வேலி ஒன்றின் மரக்கம்பங்கள் வரிசையாகச் சரிவில் இறங்கி, நடுவில் ஓடிய பழைய ஓடையின் விளிம்புவரை சென்றிருந்தன. கடைசிக் கம்பத்துக்கு அருகில் ஒரு மரக்கட்டை. அதில் அறுந்த தூண்டில் நரம்புகளோடு, போலி இரையாகக் கோக்கும் ரப்பர்ப் புழுக்கள் நான்கு சிக்கியிருந்தன. எனக்கு முன் வந்தவர்களும் அந்த இடத்தைக் குறிவைத்தே தூண்டில் வீசியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். டேம் நிரம்பிய பிறகு, நீர்ப்பரப்பில் எந்த அடையாளமும் இல்லாத அந்த இடத்தில்தான் என் கயாக்குக்கு அன்றைய முதல் மீன் ஏறியது.

இதற்குக் காரணம் பாஸின் இயல்பு. அது நெடுந்தூரம் துரத்தி இரை தேடுவதைவிட, மறைவில் காத்திருந்து பாய்வதையே விரும்பும் மீன். எனவே வெறும் சேற்றுத் தரையைவிட, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைகளே முக்கியம்: நாணல் முடிந்து ஆழம் தொடங்கும் இடம், சேறு பாறையாக மாறும் இடம், ஓடைப் படுகையின் வளைவு, அணைச்சுவரின் கற்குவியல். பத்து நல்ல இடங்களைக் குறித்தால் போதும். டேமின் பெரும்பகுதியைத் துடுப்புப் போட்டு விரைவாகக் கடந்துவிடலாம்.

பெரிய அணைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கிப் பார்க்க முடியும். நம் மாகாணத்தை வாட்டிய 2015, 2016 வறட்சிக் காலத்துப் படம் கிடைத்தால், நீர் வற்றிய தரையின் பாதைகளையும் திட்டுகளையும் வீட்டிலிருந்தே படித்துவிடலாம். ஒலியலையால் ஆழம் காட்டும் சோனார் கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம்: ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் ஆழம் போதுமான அளவு தெரியும்.

ஒரு வேண்டுகோள். வசந்தத்தில் நீரின் வெப்பம் 16 டிகிரியைத் தாண்டும்போது, ஆழமற்ற இடங்களில் வட்டமாகத் துடைத்துவிட்டது போன்ற வெளிறிய தரை தெரிந்தால், அது பாஸின் கூடு. முட்டைகளைக் காப்பது ஆண் மீன். அதைப் பிடித்தால் சிறு மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். கூட்டைக் குறித்துக்கொண்டு விலகிச் செல்லுங்கள்.

கேள்வி: தனியாகக் கயாக்கில் போவது ஆபத்தில்லையா? என் மனைவி பில்ஹார்சியா நோயைப் பற்றியும் அஞ்சுகிறார்.
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: தங்கள் துணைவியாரின் அச்சம் நியாயமானது. பில்ஹார்சியா நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள் தோல் வழியே நுழைவதால் வருவது. நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் அவை நீரில் மிகுதியாக இருக்கும். ஆகையால் செடிகள் அடர்ந்த ஓரத்தில் கால் நனைத்து இறங்காமல், கல்லோ மணலோ உள்ள இடத்தில், அதிகாலையில், முழங்கால்வரை நீர்புகாத காலணி அணிந்து கயாக்கை இறக்குங்கள். சிறுநீரில் இரத்தம் தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குணப்படுத்தும் மாத்திரை உண்டு.

காற்றைப் பொறுத்தவரை, போகும்போது எதிர்காற்றில் துடுப்புப் போட்டு, களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிவிடும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழைக்கு முன்பே கரையேறிவிடுங்கள். திறந்த நீரின் நடுவே கார்பன் தூண்டில் கோலை உயர்த்திப் பிடித்திருப்பவர் மின்னலுக்கு எளிய இலக்கு. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் வைக்காமல் உடலில் அணியுங்கள். முதலையும் நீர்யானையும் வாழும் பொங்கோலாபூர்ட் போன்ற அணைகளுக்குக் கயாக்கில் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் மாமாவின் பண்ணை டேமில் பாஸ் இல்லை. வாளியில் சிலவற்றைக் கொண்டுபோய் விடலாமா?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். பெருவாய்ப் பாஸ் 1928-இல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். அனுமதியின்றி அதைப் புதிய நீர்நிலையில் விடுவது சட்டவிரோதம். டேம் நிரம்பி வழிந்தால் அது கீழே உள்ள ஓடைக்குப் போய், அங்கே காலங்காலமாக வாழும் சிறு மீன்களைத் தின்றுவிடும். கேப் பகுதியின் ரோண்டெகாட் ஆற்றில், இதற்கு நெருங்கிய உறவான சிறுவாய்ப் பாஸை அகற்றுவதற்காக 2012-இலும் 2013-இலும் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்களைக் கொல்லும் மருந்து கலக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே உள்ளூர் மீன்கள் அங்கே திரும்பின. மாமாவின் டேமில் இப்போது என்ன மீன் இருக்கிறது என்று ஒரு சிறு தூண்டிலில் ரொட்டித் துண்டைக் கோத்து முதலில் பாருங்கள். வேறு டேமிலிருந்து வரும்போது கயாக்கின் அடியில் ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்றுகூட ஒட்டியிராதபடி கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அந்த நீரில் இறக்குங்கள்.