மண் பிசைகிற மகள்

அக்கா, மகள் மண்ணில் செய்த சிலையை எடுத்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொழுந்துக் கூடையோடு நிற்கிற பாட்டி, அந்தக் கயிறு உச்சந்தலையில் அழுத்துகிற இடம் வரைக்கும் மண்ணில் வந்திருக்கிறது, மூக்கு மட்டும் வெடித்துவிட்டது. அது கைக்குறை இல்லை. உள்ளே குடையாமல் கட்டியாகக் காயவிட்டால் வெடிக்கத்தான் செய்யும், ஈரத்துணி மூடி மெதுவாகக் காயவிடச் சொல்லுங்கள்.

"ஊர் சுற்றி எழுதிக்கொண்டு சிலை செய்கிற பொம்பளை எங்கேயாவது இருக்கிறாளா தம்பி" என்று கேட்டீர்கள். இருந்தார். கிளேர் ஷெரிடன் என்ற ஆங்கிலேயப் பெண், 1885இல் பிறந்தவர். இறந்துபோன குழந்தையின் கல்லறைக்கு ஒரு தேவதை செய்யப்போய்த்தான் களிமண்ணே பழகினார். 1915இல் கணவரும் போரில் போய்ச் சேர, கையில் இரண்டு பிள்ளைகள். 1920இல் கமுக்கமாக மாஸ்கோவுக்குக் கிளம்பி லெனினின் தலையைச் செய்தார், அந்த மனுசன் ஆடாமல் அசையாமல் உட்காரவெல்லாம் இல்லை, மேசையில் தன் பாட்டுக்கு வேலை பார்க்க, இவர் அதே அறையில் மண்ணோடு நின்றார். அப்புறம் அமெரிக்கப் பத்திரிகைக்கு நிருபர், 1924இல் தம்பியோடு மோட்டார் சைக்கிளில் ஐரோப்பா.

ஆனால் ஒன்று, அவர் சர்ச்சிலின் ஒன்றுவிட்ட சகோதரி. மாஸ்கோ போனதில் சர்ச்சில் கோபப்பட்டார்தான், இருந்தாலும் அந்தச் சொந்தம் எத்தனையோ கதவைத் திறந்திருக்கும். நமக்கு இருப்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், லயத்தின், விலாசம். அவருக்கே சிலை மட்டும் சோறு போடவில்லை, எழுத்தும் சொற்பொழிவும் சேர்ந்துதான் வண்டியை ஓட்டின. மகளுக்கும் அந்த இரண்டாவது கை வேண்டும்.

சரி, இப்போதைக்கு ஏ.எல்., அதாவது உயர்தரக் கலைப்பிரிவில் சித்திரம் எடுக்கட்டும். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கட்புலக்கலை படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற ஏ.எல். இசட் புள்ளி மட்டும் போதாது, திறமையைச் சோதிக்கிற உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும், அதற்குத் தனியாக விண்ணப்பம். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த விண்ணப்பத்தில்தான், பத்திரிகை விளம்பரம் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் திகதி முடிந்திருக்கும். பட்டத்தோடு சித்திர ஆசிரியர் வேலைக்குப் போட்டி போடலாம். ஆங்கிலமும் சிங்களமும் நன்றாக வந்தால், சுற்றுலா வழிகாட்டிக்கான பயிற்சியும் உரிமமும் எடுக்கலாம், மலையகச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு நம் மலையை நம் பிள்ளையே சொல்லட்டுமே.

தனியாக ஊர் சுற்றுவது பற்றிய உங்கள் பயம் நியாயம்தான், இப்போதைக்கு மகள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பதுளை ரயிலில் போய் வரட்டும். போன முறை போய்வந்து ஏதோ எழுதி வைத்திருக்கிறாளாமே, அந்தக் கொப்பியையும் கொடுத்தனுப்புங்கள்.