பிள்ளையின் படிப்புக்கு எந்தக் கந்தோருக்குப் போவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் ஒரே கவலைதான். பிள்ளையின் படிப்பு எங்கோ தடுக்கி நிற்கிறது, வீட்டில் காசு இல்லை அல்லது நிம்மதி இல்லை, ஏதோ உதவி இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை.

அன்பின் அக்கா, என் கணவர் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. நான் வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். மகனுக்கு 14 வயது, தரம் 9. மூன்று மாதமாகப் பாடசாலைக்குப் போகவில்லை, என் தம்பியோடு புறக்கோட்டைக்கு நாட்டாமை வேலைக்குப் போகிறான். இனிப் போனால் பெயரை வெட்டியிருப்பார்கள், ஏன் வரவில்லை என்று கேட்டு வழக்குப் போடுவார்கள், பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. – ஒரு தாய், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுவோம், அதுதான் உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம். முன்பு 14 வயது வரை இருந்ததை 2016இல் 16 ஆக உயர்த்தினார்கள். அந்தச் சட்டம் உங்களை மிரட்டுவதற்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள், அதுவே உங்கள் மகனுக்கு உரிமையும் கொடுக்கிறது. திரும்பி வரும் பிள்ளையை வாசலில் வைத்து அனுப்பிவிடப் பாடசாலைக்கு நியாயம் கிடையாது. பெயரை வெட்டியிருந்தாலும் மறுபடி பதியலாம்.

பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதென்றால் அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். யாரோ ஒரு உத்தியோகத்தர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. ஏழை என்பதற்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் நோக்கமும் அவர்களுக்கு இல்லை. இந்தப் பயத்தாலேயே எத்தனையோ தாய்மார் உதவி கேட்கப் போகாமல் இருக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வேதனை.

அந்த வேலையை உடனே நிறுத்துங்கள். 2021இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டையும் சீனி மூட்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு லொறிக்கும் கடைக்கும் நடுவே ஓடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், வளர்ந்த ஆண்களுக்கே நாற்பது வயதில் இடுப்பு போய்விடுகிறது. உங்கள் தம்பி உதவி செய்யத்தான் கூட்டிக்கொண்டு போயிருப்பார், அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

அப்புறம் பாடசாலைக்குப் போங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடாமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பிள்ளையின் பெயர், வகுப்பு, சேர்வு இலக்கம், எப்போதிருந்து வரவில்லை, என்ன காரணம், மறுபடி சேர்க்கும்படி கேட்கிறேன் என்று. ஒரு போட்டோப் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அடுத்த நாள் மறந்துபோகும், தாள் மறக்காது. அதிபர் மறுத்தால் அதே பிரதியோடு கோட்டக் கல்வி அலுவலகம், அங்கும் சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என்று நான்கு வலயங்கள் இருக்கின்றன, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு வலயம். பாடசாலை தேசிய பாடசாலையாக இருந்தால் அது நேரடியாகக் கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, முறைப்பாடு பத்தரமுல்லை இசுருபாயவுக்குப் போக வேண்டும்.

சரி, காசு. பாடப்புத்தகம் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசம், அது எல்லாப் பிள்ளைக்கும் உரியது. கஷ்டம் வருவது கொப்பியில், சப்பாத்தில், பஸ் காசில்தான். அதற்குத்தான் பிரதேச செயலகம். உங்களுக்கு அஸ்வெசும (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப் பணம்) கிடைக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. கிடைக்காவிட்டால் கிராம சேவகரிடம் கேளுங்கள், 1924க்கு அழைத்தும் கேட்கலாம். கணவர் வீட்டில் இருந்த காலத்து விபரங்கள் இன்னும் பதிவில் கிடந்தால் அவர் இப்போது இல்லை என்பதைச் சொல்லித் திருத்த வேண்டும், பலருக்கு இதில்தான் தவறிப்போகிறது. 2025இல் பாடசாலை உபகரணங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது முதலில் அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்கே போனது. பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அதே செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையை மறுபடி சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. ‘செவன சரண’ என்ற அனுசரணைத் திட்டத்தைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள், மாதாமாதம் பிள்ளையின் பெயரில் ஒரு தொகை வர வழியுண்டு. படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னால் தமிழில் தாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தராவிட்டால் 1956க்கு முறைப்பாடு செய்யலாம்.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் விட்டுப் போனாலும் பிள்ளைக்குச் செலவு கொடுக்கும் கடமை அவரை விட்டுப் போகவில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு கேட்கலாம் (முஸ்லிம் குடும்பங்களுக்கு அது காதி நீதிமன்றம்). வக்கீலுக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். இரண்டு வருடம் தனியாகச் சுமந்துவிட்டீர்கள், இனியும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

அக்கா, மகள் தரம் 3. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள், கணக்கை மனதிலேயே போடுவாள், ஆனால் எழுத்து வரவே இல்லை. கொப்பியைப் பார்த்து எழுதும்போதும் எழுத்து விடுபடுகிறது. ரீச்சர் மக்கு என்கிறார், அடிமட்டத்தால் விரலில் அடித்தும் இருக்கிறார். விசேட கல்வி வகுப்பில் போடச் சொல்கிறார்கள். மனைவி அழுகிறாள். – ஒரு தகப்பன், மட்டக்குளி

தம்பி, கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற, கணக்கை மனதில் போடுகிற பிள்ளை மக்கு இல்லை. வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் சிக்கல் வருகிற பிள்ளைகள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படிப்பிக்கும் முறைதான் வேறு. ஆனால் அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லக்கூடாது. முதலில் கண், அடுத்தது காது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கு மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைப்பு, அதனால் சொல்லவே சொல்லாது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும், அதனால் தரம் 4 வரும்வரை காத்திருக்காமல் தேசிய கண் வைத்தியசாலைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

கண்ணும் காதும் சரியென்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. உங்கள் பகுதி வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். மூன்று கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்: தரம் 1இல் எழுதியது, தரம் 2இல் எழுதியது, இப்போது எழுதுவது. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று வாயால் விளக்குவதைவிட அவை தெளிவாகக் காட்டும்.

விசேட கல்வி அலகு கெட்ட இடம் இல்லை, தேவையான பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வைத்தியர் பார்க்கும் முன் ஆசிரியரின் வாய்ச்சொல்லுக்காகப் பிள்ளையை வகுப்பு மாற்றச் சம்மதிக்காதீர்கள், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அறிக்கை கையில் வந்த பிறகு அதிபரோடும் வலயத்தின் விசேட கல்விக்குப் பொறுப்பானவரோடும் உட்கார்ந்து பேசலாம். அந்த அறிக்கை பின்னாலும் உதவும். பரீட்சைத் திணைக்களம் இப்படியான பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் கொடுக்கிறது, அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கேள்விகளுக்கு 1911.

அடித்த விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. முதலில் அதிபரிடம் அமைதியாக, எழுத்தில் கொடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

அன்ரி, நான் தரம் 10. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். இரவில் நித்திரை இல்லை, வகுப்பில் தூங்கி விழுகிறேன். மிஸ்ஸிடம் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்பாவைப் பொலிஸ் பிடித்துவிடும் என்று பயம். – பெயர் வேண்டாம்

மகள், எழுதினதே பெரிய காரியம். வீட்டில் நடப்பதற்கு நீ பொறுப்பில்லை, உன்னால் நடக்கவும் இல்லை. இதை முதலில் மனதில் வை.

உன் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்கு என்று ஒரு ஆசிரியர் இருப்பார், அவருக்கு இது புதுக்கதை இல்லை. அவரிடம் போகத் தைரியம் வராவிட்டால் உனக்கு ஆகவும் பிடித்த ஆசிரியர் யாரோ அவரிடம் போ. “மிஸ், தனியாக ஒரு விஷயம் கதைக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னால் போதும், மீதி தானாக வரும். யாருக்கெல்லாம் சொல்வீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள். உனக்கோ அம்மாவுக்கோ உயிராபத்து என்றால் அவர் வேறு ஆட்களிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கும், அதை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

யாருடைய முகத்தையும் பார்க்காமல் பேச வேண்டுமென்றால் 1929. காசு போகாது, இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். மனது தாங்காமல் போகும் நாட்களில் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அடி நடந்துகொண்டிருக்கிற நேரத்தில் நீ நடுவில் போய் நிற்காதே, வெளியே போய் 119க்கு அழை.

அம்மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. பெரிய அரச வைத்தியசாலைகளில் வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவ ‘மிதுரு பியச’ என்ற நிலையம் உண்டு, கிளினிக்குக்குப் போவதுபோலப் போய் அங்கே பேசலாம், வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மகளிர் உதவி இலக்கம் 1938. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம், அப்பாவைச் சிறையில் போடாமல் அடிப்பதைத் தடுக்கும் கட்டளை அது. அவர் அதை மீறினால்தான் தண்டனை. நீ பயப்படுகிற அந்த விஷயத்துக்கு இது பதில் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

அன்பின் மகளுக்கு, என் மகள் குவைத்தில். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் வளர்க்கிறேன். பாடசாலையில் எதற்கும் தாய் வரவேண்டும் என்கிறார்கள். பேரன் புலமைப்பரிசிலில் சித்தியடைந்திருக்கிறான், ஏதாவது கிடைக்குமா? – ஒரு அம்மம்மா, வெள்ளவத்தை

அம்மா, பேரனுக்கு என் வாழ்த்து. உங்கள் மகள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போயிருந்தால், தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைக்குப் பணியகமே ஒரு உதவித்தொகை கொடுக்கிறது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும்கூட உண்டு. பதிவு காலாவதியாகியிருக்கிறதா என்று மகளிடம் இன்றே கேளுங்கள். கல்வி அமைச்சின் மாதாந்தப் புலமைப்பரிசில் பணம் வேறு, அதற்குக் குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், வருமானச் சான்றிதழைக் கிராம சேவகர் மூலம் எடுத்துப் பாடசாலையில் கொடுக்க வேண்டும்.

தாய்தான் வரவேண்டும் என்பதற்கு: பிள்ளைகளுக்கு என் அம்மாவே பொறுப்பு என்று மகள் ஒரு கடிதம் எழுதிக் குவைத்தில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பட்டும். ஒரு பிரதி அதிபருக்கு, ஒன்று கிராம சேவகருக்கு, மூலம் உங்கள் கையில்.

பாடசாலையில் வகுப்புக்குப் பெயின்ட் அடிக்க ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் தேர்ச்சி அறிக்கை தரமாட்டோம் என்கிறார்கள். – ஒரு தாய், தெமட்டகொடை

அப்படிச் செய்ய முடியாது. பெற்றோர் விரும்பிக் கொடுத்தால் வாங்கலாம், கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. தேர்ச்சி அறிக்கை பிள்ளையுடையது. நான் சொல்வது, வட்ஸ்அப் குழுவில் சண்டை பிடிக்காதீர்கள், அந்தச் செய்தியை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அறிக்கையைக் கேட்டு அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் கல்வி அமைச்சின் 1988க்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.