கடல் சார்ட் கேள்வி-பதில்: பாடத்துக்கு எது போதும், எதற்குக் காசு?

எங்கள் பள்ளியில் புவியியலோடு கடல்சார் தொழிற்பாடமும் நடக்கிறது. 'கல்விக்கான மின்னணு சார்ட் தொகுப்பு' என்று ஓராண்டுச் சந்தாவுக்கு விலைப்பட்டியல் வந்திருக்கிறது. வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கப்பலுக்கு சார்ட், அதாவது கடல் வரைபடம், விற்பவர் மூன்று விஷயங்களுக்குக் காசு வாங்குகிறார்: தொடர்ந்து வரும் திருத்தங்கள், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை கேட்கும் அதிகாரபூர்வத் தன்மை, கோப்பு யாரும் மாற்றாமல் வந்தது என்பதற்கான உறுதி. வகுப்பறை தரைதட்டப் போவதில்லை. போன வாரம் இடம் மாறிய மிதவை சார்ட்டில் பழைய இடத்திலேயே இருந்தாலும் பாடம் கெடாது.

பாடத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா தன் மின்னணு சார்ட்டுகள் அனைத்தையும் எஸ்-57 என்ற சர்வதேசத் தரவு வடிவில், பூட்டு எதுவும் போடாமல் பதிவிறக்கத் தருகிறது. நியூசிலாந்து அரசின் நிலத் தகவல் அமைப்பான லின்ஸ் தன் சார்ட்டுகளைப் படக் கோப்புகளாகத் தருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். உலகக் கடலடி முழுவதற்கும் ஜெப்கோ கட்டத்தரவு (கடலடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் ஆழம் தருவது) இருக்கிறது. ஐரோப்பியக் கடல்களுக்கு எமோட்நெட் அதைவிட நுணுக்கமானது: ஜெப்கோவில் ஒரு கட்டம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 460 மீட்டர், எமோட்நெட்டில் ஏறத்தாழ 115 மீட்டர். சார்ட்டைத் திறந்து பார்க்க ஓப்பன்சிபிஎன், தரவை அலசிப் பார்க்க கியூஜிஐஎஸ். இரண்டுமே இலவச மென்பொருள்கள்.

காசு கொடுத்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. மாணவர்கள் கப்பல் அதிகாரிப் பயிற்சியில் இருந்து, எக்டிஸ் கருவியில் (கப்பலில் மின்னணு சார்ட்டைக் காட்டும் கருவி) பூட்டைத் திறக்கும் அனுமதிக் குறியீட்டை ஏற்றுவது, திருத்தம் சேர்ப்பது, காலாவதி எச்சரிக்கையைக் கையாள்வது இவற்றையெல்லாம் செய்து பழக வேண்டுமென்றால் பூட்டிய தரவு தேவை. அதற்கும்கூட, சர்வதேச நீரியல் அமைப்பு எக்டிஸ் கருவிகளைச் சோதிக்க வெளியிட்டிருக்கும் எஸ்-64 சோதனைத் தொகுப்பு உங்கள் சிமுலேட்டரில் ஏறுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அது ஏறினால் பயிற்சியின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

உரிமம் ஆளுக்கா, கணினிக்கா? முதல் கேள்வி இதுதான். பெரும்பாலான பூட்டிய சார்ட்டுகள் குறிப்பிட்ட கணினியோடோ ஒரு யுஎஸ்பி சாவியோடோ கட்டிப்போடப்பட்டவை. முப்பது கணினி உள்ள ஆய்வகத்துக்கு ஒரே உரிமத்தை வாங்கினால் ஆசிரியரின் திரையில் மட்டும்தான் படம் தெரியும். பள்ளி ஆய்வகங்களில் விடுமுறைதோறும் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸை மறுபடி போடுவது வழக்கம் என்பதால், அப்படிச் செய்தால் உரிமம் செத்துவிடுமா, திரும்பச் செயல்படுத்த எத்தனை முறை விடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சந்தா முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பது அடுத்தது. எஸ்-63 என்ற மறைகுறியாக்க முறையில் பூட்டிய அதிகாரபூர்வ சார்ட்டுகள் வழக்கமாக 'காலாவதியானது' என்ற எச்சரிக்கையோடு தொடர்ந்து தெரியும். புதிய திருத்தங்கள் மட்டும் ஏறாது. செல்பேசிச் செயலிகளில் அப்படி இல்லை. சில செயலிகள் சார்ட்டையே மூடிவிடுகின்றன. வகுப்புக்கு இந்த வித்தியாசம் பெரிது.

'மொத்தம் இத்தனை சார்ட்' என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்-57 கோப்பின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் வெளியிட்ட நாட்டைக் காட்டும். மூன்றாவதாக வரும் எண் பயன்பாட்டு நிலையைக் காட்டும். 1 என்றால் மாகடல் அளவிலான மேலோட்டம், 2 பொது, 3 கரையோரம், 4 துறைமுக அணுகுவழி, 5 துறைமுகம், 6 கப்பலைக் கட்டி நிறுத்தும் துறை. துறைமுகப் பாடம் எடுக்க 1-உம் 2-உம் எத்தனை இருந்தும் பயனில்லை. கோப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அந்த மூன்றாவது இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

நீண்ட காலச் சந்தாவிலும் கவனம் தேவை. எஸ்-57க்கு அடுத்து, எஸ்-100 என்ற புதிய தரக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்-101 வருகிறது. 2029 முதல் கப்பல்களில் புதிதாகப் பொருத்தும் எக்டிஸ் கருவிகள் எஸ்-100 குடும்பத் தரவைப் படிக்க வேண்டும். ஐந்தாண்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் இடையில் வடிவம் மாறினால் அதே விலையில் புதியதைத் தருவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் ஓராண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோவா தளத்திலிருந்து இறக்கிய கோப்பு திறக்கவே இல்லை. கோப்பு கெட்டுப்போனதா?

பெரும்பாலும் இல்லை. ஸிப் கோப்பை விரித்தால் 'ஈஎன்சி ரூட்' (ENC_ROOT) என்ற கோப்புறை வரும். அதற்குள் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனிக் கோப்புறை, அதில்.000 என்று முடியும் மூலக்கோப்பு. பக்கத்தில் .001, .002 என்று இருந்தால் அவை திருத்தங்கள். தேவையில்லை என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள். மூலக்கோப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இரட்டைச் சொடுக்கில் இந்தக் கோப்பு எதுவும் திறக்காது.

ஓப்பன்சிபிஎன்னில் அமைப்புகளுக்குள் போய், சார்ட் பகுதியில் கோப்புறையைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, அந்த 'ஈஎன்சி ரூட்' கோப்புறையைக் காட்டுங்கள். பிறகு சார்ட் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள். முதல் தடவை ஒவ்வொரு கோப்பையும் தன் உள்வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதால் நேரம் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று பாதியில் மூடுகிறவர்கள்தான் அதிகம், பொறுத்திருங்கள். அதன் பிறகும் திரை வெறுமையாக இருந்தால் நீங்கள் வேறு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்: கீழே உள்ள சார்ட் பட்டையில் ஒன்றைச் சொடுக்கினால் அந்த இடத்துக்குப் போகும். கடல் தெரிந்து ஆழ எண்கள் தெரியாவிட்டால் வெக்டர் சார்ட் காட்சி அமைப்பில் அவை அணைந்திருக்கும்.

வேறு ஏதாவது தளத்திலிருந்து எடுத்த .000 கோப்பு இரண்டு மென்பொருளிலும் திறக்க மறுத்தால் அது எஸ்-63 பூட்டுப் போட்டதாக இருக்கலாம். பூட்டிய கோப்பின் பெயரும் .000 என்றுதான் முடியும், வெளியே பார்த்தால் தெரியாது.

கியூஜிஐஎஸ்ஸில் வேறொரு சிக்கல் உண்டு. வெக்டர் அடுக்காகச் சேர்த்ததும் ஆழப்புள்ளிகள் அடுக்கு வரும், ஆனால் அதன் பண்பு அட்டவணையில் ஆழம் என்ற பத்தியே இருக்காது. ஆழம் புள்ளியின் மூன்றாவது ஆயத்தொலைவாக ஒளிந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரே உருவமாகக் கட்டப்பட்டிருப்பதால் முதலில் 'மல்டிபார்ட் டு சிங்கிள்பார்ட்ஸ்' கருவியால் அவற்றைப் பிரியுங்கள். பிறகு ஃபீல்டு கால்குலேட்டரில் இசட் மதிப்பை எடுக்கும் சார்பைப் போட்டால் ஆழம் தனிப் பத்தியாக வந்துவிடும். இந்த இரண்டு படியும் தெரியாமல் 'தரவில் ஆழமே இல்லை' என்று கைவிட்டவர்கள் நிறைய.

அமெரிக்க சார்ட்டில் சமஆழக் கோடுகள் 1.8, 3.6, 5.4, 9.1, 18.2 மீட்டர் என்று இருக்கின்றன. மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

அவை 1, 2, 3, 5, 10 பாகம் (ஃபேதம்). ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.8288 மீட்டர். பழைய காகித சார்ட்டுகளில் பாகக் கணக்கில் வரைந்த கோடுகளை மீட்டருக்கு மாற்றி, மீதியை வெட்டிவிட்டார்கள். 10 பாகம் என்பது 18.288 மீட்டர்; 18.3 என்று முழுமையாக்காமல் 18.2 என்று குறைத்தே எழுதுகிறார்கள். ஆழத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடக் கூடாது என்பதுதான் காரணம். புதிதாக வரையும் சார்ட்டுகளில் நேரடி மீட்டர் கோடுகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஒரே இடத்துக்கு ஜெப்கோவில் ஓர் ஆழம், சார்ட்டில் வேறோர் ஆழம். எது சரி? தவறான தரவை வாங்கிவிட்டோமா?

இரண்டும் சரியாகவே இருக்கலாம். அளக்கத் தொடங்கும் மட்டம் வேறு. ஜெப்கோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. சார்ட் தாழ்ந்த வற்றத்தின் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது: பல நாடுகளில் வானியல் கணக்குப்படி வரக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டம், நோவாவில் அன்றாடத் தாழ்ந்த வற்றங்களின் சராசரி. ஏற்றவற்ற வேறுபாடு அதிகமுள்ள கரையில் இதனாலேயே பல மீட்டர் வித்தியாசம் வரும். குறியும் எதிர்ப்பக்கம்: ஜெப்கோவில் கடலடி மைனஸ்; சார்ட்டில் ஆழம் பிளஸ், வற்றத்தில் வெளியே தெரியும் திட்டுதான் மைனஸ்.

நோக்கமும் வேறு. சார்ட் வரைபவர் ஒரு பகுதியில் கிடைத்த அளவுகளில் ஆழம் குறைந்தவற்றைத் தேடிப் பொறுக்கி எடுத்துப் போடுகிறார், கப்பல் மோதுவது அங்கேதான். ஜெப்கோவோ ஏறத்தாழ 460 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஓர் எண் தருகிறது. ஒற்றைப் பாறை அதில் கரைந்து போகும். தவிர, உலகக் கடலடியில் நேரடியாக அளந்தது கால்பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மீதியில் பெரும்பகுதி செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவீட்டிலிருந்து ஊகித்தது. எந்தக் கட்டம் எந்த வகை என்று சொல்லும் தனித் தரவுக் கட்டத்தையும் ஜெப்கோ தருகிறது. அதில் 11 என்றால் பல்கற்றை எதிரொலிமானியால் (ஒலியலை அனுப்பி) அளந்தது, 40 என்றால் ஈர்ப்பிலிருந்து கணித்தது. ஆழப் படத்தையும் இந்த வகைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எந்த விலைகொடுத்த தொகுப்பும் இவ்வளவு நல்ல பாடம் தராது.

சார்ட்டின் எண்ணும் கல்வெட்டல்ல. மின்னணு சார்ட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தரவுத் தர வகை உண்டு. ஓப்பன்சிபிஎன்னில் வலது சொடுக்கி அந்த இடத்து விவரத்தைக் கேட்டால் தெரியும். 20 மீட்டர் என்று எழுதிய புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ1 வகையில் பிழை எல்லை 0.5 மீட்டரும் ஆழத்தில் 1 சதவீதமும், கூட்டினால் 0.7 மீட்டர். பி வகையில் 1 மீட்டரும் 2 சதவீதமும், அதாவது 1.4 மீட்டர். சி வகையில் 2 மீட்டரும் 5 சதவீதமும், அதாவது 3 மீட்டர். சி வகையில் அந்தப் புள்ளியின் இடமே 500 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். திரையை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த 500 மீட்டர் குறையாது.

'அமெரிக்க ராஸ்டர் சார்ட்டுகள் முழுத் தொகுப்பு, வாழ்நாள் அப்டேட்' என்ற விளம்பரத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம். காகித சார்ட்டையும் அதன் படக் கோப்பான ராஸ்டரையும் படிப்படியாக நிறுத்துவதாக நோவா 2019-இல் அறிவித்து, அப்படியே செய்தது. வராத அப்டேட்டை யாரும் வாழ்நாள் முழுக்கத் தர முடியாது. சுவரில் மாட்டக் காகித சார்ட் வேண்டுமென்றால் நோவாவின் கஸ்டம் சார்ட் கருவியில் இடம், அளவுத்திட்டம், தாள் அளவு மூன்றையும் தேர்ந்து பிடிஎஃப் எடுத்து அச்சிடலாம். செலவு அச்சகத்துக்கு மட்டும். சின்னங்களுக்கு 'சார்ட் நம்பர் 1' என்ற கையேட்டையும் அதே நோவா இலவச பிடிஎஃப்பாகத் தருகிறது.

அச்சிடும்போது அச்சுப்பொறி அமைப்பில் 'தாளுக்குப் பொருத்து' அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 1:50,000 என்று மூலையில் எழுதியிருக்கும், ஆனால் 1 சென்டிமீட்டர் 500 மீட்டராக இருக்காது. புரொஜெக்டரில் அந்த விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. தூரத்தை அளக்கப் பக்கவாட்டில் உள்ள அட்சரேகை அளவுகோலையே பயன்படுத்தச் சொல்லுங்கள்: ஒரு கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு) ஒரு கடல் மைல், 1852 மீட்டர். மேலும் கீழும் உள்ள தீர்க்கரேகை அளவுகோலில் அளந்தால் 60 பாகை அட்சத்தில் விடை இருமடங்காக வரும்.

இணையத்தில் இலவசமாகத் தெரியும் சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாடக் குறிப்பில் போடலாமா?

இலவசமாகப் பார்ப்பது ஒன்று, படியெடுப்பது வேறு. நோவாவின் சார்ட்டுகளுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. ஜெப்கோவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்த ஆண்டின் கட்டம் என்பதைச் சேர்த்து மூலத்தைக் குறிப்பிடுங்கள். எமோட்நெட், லின்ஸ் இரண்டுக்கும் மூலக்குறிப்பு போதும். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்சீமேப் கடல் வரைபடத்தைப் போட்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயர்க்குறிப்பு படத்தோடு இருக்க வேண்டும், வெட்டி எடுக்காதீர்கள். பிரிட்டனின் அட்மிரால்டி சார்ட்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு, அச்சிடுமுன் அனுமதி கேட்க வேண்டும். படகுக்காரர்கள் பயன்படுத்தும் வணிகச் செயலிகளின் விதிகள் பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். 'கல்விக்காகத்தானே' என்பது எல்லா நாட்டுச் சட்டத்திலும் ஒரே மாதிரி செல்லாது, அதிலும் குறிப்பு வகுப்பைத் தாண்டி இணையத்தில் ஏறிவிட்டால்.

எதைப் போட்டாலும் 'கப்பலோட்டப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரியைப் படத்துக்குள்ளேயே அச்சிடுங்கள். படம் குறிப்பிலிருந்து பிரிந்து தனியாகச் சுற்றத் தொடங்கும்.

ஆய்வகத்தில் இணையம் சரியாக வராது. ஜெப்கோ கோப்பு பல ஜிபி என்கிறார்கள். வழி உண்டா?

முழு உலகத்தையும் இறக்க வேண்டியதில்லை. முழுக் கட்டத்தில் 43,200 வரிசை, 86,400 பத்தி. எண் ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் சுமார் 7.5 ஜிபி. தளத்திலேயே எல்லை அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொடுத்து ஒரு செவ்வகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஒரு பாகைக்கு 240 கட்டம். 5 பாகைக்கு 5 பாகை எடுத்தால் 14.4 லட்சம் எண்கள், 3 எம்பிகூட வராது. ஜியோடிஃப் வடிவைத் தேர்ந்தால் கியூஜிஐஎஸ்ஸில் நேராகத் திறக்கும். மின்னணு சார்ட்டையும் மாநிலம் மாநிலமாக இறக்காமல் பாடத்துக்கான இரண்டு மூன்று கோப்புகளை மட்டும் எடுத்து, பென் டிரைவில் எல்லாக் கணினிக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கோப்புறையின் பெயரில் இறக்கிய தேதி இருக்கட்டும். அடுத்த ஆண்டு புதிய பதிப்பை இறக்கும்போது பழையதை அழிக்காதீர்கள். இரண்டையும் திறந்து மிதவை எங்கே நகர்ந்திருக்கிறது, எந்தத் திட்டு வளர்ந்திருக்கிறது என்று மாணவர்களையே தேடச் சொல்லலாம்.