சூட்டோடு எடுத்த அளவு

அன்புள்ள ஐயா,

என் மகன் பள்ளிப்படிப்பை முடித்திருக்கிறான். படிப்பு ஏறவில்லை, கணக்கு சுமார்தான். பொறியியல் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டால் கையால் பிழைத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். என்ன தகுதி வேண்டும்? நேர்காணலில் என்ன குணங்களை எதிர்பார்ப்பார்கள்? சொன்னால் இப்போதே அவனைத் தயார்செய்துவிடுவேன்.

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

தகுதி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்தபட்ச வயது, கணக்கிலும் அறிவியலிலும் தேர்ச்சி, மருத்துவப் பரிசோதனை. மின்சார வேலை என்றால் நிறக்குருடு உண்டா என்றும் பார்ப்பார்கள். மீதி அறிவிப்பிலேயே இருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்தியது அந்த இன்னொரு வரி. படிப்பு ஏறாதவன் கையால் பிழைத்துக்கொள்வான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், ஒரு தண்டைக் கூம்பாகக் கடைய, வெட்டும் உளியைத் தாங்கும் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்புவது என்று டேன்ஜென்ட் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பள்ளியில் தூக்கக் கலக்கத்தில் கேட்ட அதே முக்கோணவியல். கணக்குக்குப் பயந்து பட்டறைக்குள் ஒதுங்குகிறவன் முதல் வரைபடத்திலேயே மாட்டிக்கொள்வான். பையனைச் சொல்லவில்லை. இரும்பைக் கையில் கொடுத்துச் சொல்லித்தந்தால் அவனுக்குக் கணக்கு வந்துவிடக்கூடும். பலருக்கு அப்படித்தான் வந்தது.

சரி, குணம். ஆர்வம், கடின உழைப்பு, குழுவோடு இணைந்து பணியாற்றுதல் என்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. யார் காதிலும் விழாது. 1789 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் ஜோசப் பிராமாவின் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனார். ஏழாண்டுப் பயிற்சி முடித்தவர்தான் வேண்டும் என்றார்கள்; அவர் முடித்திருக்கவில்லை. அங்கே தேய்ந்து கிடந்த ஒரு வைஸை, அதாவது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவியை, சரிசெய்து காட்டி வேலையை வாங்கினார் என்று சொல்வார்கள். பிற்பாடு அவரே செய்துவைத்திருந்த மைக்ரோமீட்டருக்கு, அதாவது நுண்ணளவு பார்க்கும் கருவிக்கு, 'லார்ட் சான்சலர்' என்று பெயர்; அந்நாட்டு நீதித்துறையின் அன்றைய தலைவருடைய பதவிப்பெயர் அது. அந்தக் கருவி சொன்ன அளவுக்கு மேல் அப்பீல் கிடையாது.

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பதும் இந்த அளவு விஷயத்தைத்தான். நான் பட்டறையில் நின்ற காலத்தில் பக்கத்து லேத்தில் ஒரு பையன் இருந்தான். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு. கடைந்த சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்தான், அளவு கச்சிதம். ஆனால் எஃகு ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் விரியும். 20 டிகிரி கூடுதல் சூடென்றால் அந்தத் தண்டு 0.02 மில்லிமீட்டருக்கும் சற்று மேலே பருத்திருக்கும். ஆறியதும் சிறுத்து, டாலரன்ஸுக்கு, அதாவது அளவில் அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்கு, கீழே போய்விட்டது.

துடைத்து நல்ல ஜாப்புகளோடு, அதாவது சரியாகக் கடைந்த துண்டுகளோடு, அடுக்கியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் ஆறிய அளவைச் சாக்பீஸால் தண்டின் மேலேயே எழுதி, ஃபோர்மேன் முன்னால் கொண்டுபோய் வைத்தான். செமத்தியாகத் திட்டு விழுந்தது. அப்புறம் கஷ்டமான ஜாப்பெல்லாம் அவன் லேத்துக்குத்தான் வந்தது.

பொறுமையும் கைப்பழக்கமும் பட்டறையிலேயே வந்துவிடும். கெட்ட அளவை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வீட்டிலிருந்து வர வேண்டும். தப்பைச் சொன்னால் அடி விழுகிற வீட்டுப் பையன் ஜாப்பை மறைப்பான். மறைத்த தண்டு ஏதோ ஒரு மெஷினில் ஏறும். தண்டின் மேல் மாட்டிய பேரிங்கின் உள்வளையம் பிடிப்பில்லாமல் வழுக்கிச் சுற்றும், சூடேறும், தேயும். அந்த மெஷின் நிற்கிற நாளில் பக்கத்தில் யார் இருப்பார்களோ! உங்கள் வீடு எப்படி என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

'தயார்செய்துவிடுவேன்' என்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். எதையாவது கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்திருக்கிறாயா என்று நேர்காணலில் கேட்டால் அந்தக் கதையை அவனே சொல்லட்டும். நீங்கள் பதில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தையும் அவனே நிரப்பட்டும். கணக்கில் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று குறிப்பாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன். கடிதம் அவன் எழுதியதாக இருக்க வேண்டும்.