காடும் கடலும் கற்றுக்கொடுக்கும் வேலை: கேள்வி பதில்

நான் வடசென்னை தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வருடமாக எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், பள்ளிக்கூட கேம்ப், மலையேற்றம், பாறை ஏறுதல், கடலோரப் பாதுகாப்பு என்று நாள் கணக்கில் வகுப்பு எடுத்து வருகிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களை அவரவர் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறேன்.

வியாசர்பாடி: அக்கா, மாதம் எவ்வளவு வரும்?

மாதக் கணக்கே கிடையாது, நாள் கணக்குதான். ஆரம்பத்தில் எனக்கு நாளுக்கு 800 ரூபாயும் சாப்பாடும் கிடைத்தது. இப்போது 3,000 வாங்குகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது. கோடையில் காட்டுத்தீ பயத்தால் வனத்துறை மலைப்பாதைகளை மூடிவிடும். 120 நாள் வேலை கிடைத்தால் அது எனக்கு நல்ல வருடம். மீதி நாட்களில் நீச்சல் வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். ஒரு நிறுவனத்திடமிருந்து மூன்று நாள் கூலியை வாங்க நான் ஏழு மாதம் அலைந்தேன்.

பெரம்பூர்: எங்கே படிக்க வேண்டும்?

மலை என்றால் உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954 முதல் இருக்கும் இமயமலை மலையேற்ற நிறுவனம் போன்றவை. உத்தரகாசியில் அடிப்படைப் பயிற்சி 28 நாள். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்குப் போக முடியும். அதற்கு அப்புறம், கற்றுக்கொடுப்பது எப்படி என்பதற்கே தனிப் பயிற்சி இருக்கிறது. பயிற்சியாளராக நினைப்பவர்கள் அதுவரை போக வேண்டும். இடம் கிடைக்கப் பல மாதம் ஆகலாம், அதனால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தண்ணீர் என்றால் கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதலுதவி படியுங்கள். அது இல்லாத யாரையும் என் குழுவில் சேர்ப்பதில்லை.

மாதவரம்: நண்பர்கள் பத்துப் பேரை நாகலாபுரம் மலைக்குக் கூட்டிப் போய் ஆளுக்கு 500 வாங்கலாம் என்று இருக்கிறேன். அனுமதி அவசியமா?

அவசியம். அனுமதி இல்லாமல் யாரையும் காட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். பயத்தில் மேலே ஓடுபவரைத் துரத்திப் பிடித்துவிடும். யார் எந்தப் பாதையில் எத்தனை பேரோடு போனார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் தேடவாவது முடியும். அனுமதிச் சீட்டின் மதிப்பு அதுதான். நாகலாபுரம் ஆந்திர எல்லைக்குள் இருப்பதால் அவர்களுடைய வனத்துறையிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அரசே திறந்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. முதலில் அதில் நடந்து, அந்த வழிகாட்டிகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கொடுங்கையூர்: பாம்பு கடித்தால் கேம்பில் என்ன செய்வீர்கள்?

கயிறு கட்ட மாட்டேன், கீற மாட்டேன், உறிஞ்ச மாட்டேன். கடிபட்டவரைப் படுக்க வைத்து, கை காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு 108ஐக் கூப்பிடுவேன். விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கேம்புக்கு முந்தின நாளே போனில் கேட்டு எழுதி வைத்திருப்பேன்.

புதுவண்ணாரப்பேட்டை: சம்பளம் எவ்வளவு?

முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

காசிமேடு: அக்கா, நான் பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவோடு கடலுக்குப் போகிறேன். நீச்சல், படகு, கயிறு எல்லாம் அத்துப்படி. நான் ஏன் காசு கொடுத்து ஒரு காகிதம் வாங்க வேண்டும்?

தம்பி, உனக்குக் கடல் தெரியும், சந்தேகமே இல்லை. அலையில் சிக்கியவரைப் பார்த்ததும் நீ குதித்துவிடுவாய். ஆனால் மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கையையும் ஆட்ட மாட்டார். தலை பின்னால் சாயும், கைகள் தண்ணீரைக் கீழே அழுத்தும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதை நீ பார்த்த மாத்திரத்தில் அறிவாய். உன்னிடம் கற்க வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு அதை எப்படிச் சொல்லித் தருவாய்? முதலில் கம்பை நீட்டு, எட்டவில்லை என்றால் கயிறு எறி, தண்ணீரில் இறங்குவது கடைசி வழி என்று அவன் உடம்பில் பதிய வைக்க ஒரு முறை இருக்கிறது. அந்தப் படிப்பு அதைத்தான் தருகிறது.

திருவொற்றியூர்: காகிதம் வைத்திருப்பவர்கள் எல்லாம் நீச்சல் குளத்தில் படித்தவர்கள். நம் கடல் அவர்களுக்கு என்ன தெரியும்? தம்பி சொல்வதுதான் சரி.

ஐயா, பாதி உண்மை. எனக்குப் பனியிலும் பாறையிலும் சொல்லிக் கொடுத்தார்கள். துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் உங்கள் ஊர் வரை கரை அரித்துக்கொண்டே போனது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். அந்தக் கல் வரிசையை ஒட்டித் தண்ணீர் வெளிப்பக்கமாக இழுக்கும். கரையிலிருந்து பார்த்தால் அங்கேதான் அலை குறைவாக, சாதுவாகத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள் அங்கேதான் இறங்குகிறார்கள். இதை எனக்கு எந்த நிறுவனமும் சொல்லவில்லை. காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் கட்டைக் கரியால் கல்லில் படம் போட்டுக் காட்டினார்.

பெரம்பூர் (மறுபடியும்): அப்படியானால் அந்தப் பெரியவரே பயிற்சியாளர்தானே?

எனக்கு ஆசிரியர். ஆனால் முன்பின் தெரியாத நாற்பது பேரை அவர் பொறுப்பில் விட்டால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து கிறிஸ்துமஸுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். உயிர்காப்புச் சட்டை இல்லை. அதற்கு அப்புறம் அங்கே சுற்றுலாப் படகுக்கே தடை வந்தது. தண்ணீர் தெரிந்த ஊரில்தான் அது நடந்தது. எனக்குக் கூலி தருவது என் திறமைக்காக இல்லை, கூட்டிப் போனவர்களை எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவருவதற்காக.

காசிமேடு: புரிகிறது அக்கா. ஆனால் படிப்புக்குப் பணம்?

எடுத்ததும் கோவாவுக்கு ஓடாதே. முதலில் முதலுதவி, அடுத்து உயிர்காப்புப் பயிற்சி, இரண்டும் சென்னையிலேயே முடியும். அதுவரை என் வகுப்புகளுக்கு உதவியாளாக வா, நாள் கூலி தருகிறேன். கல் வரிசைப் பக்கம் நீரோட்டம் பற்றி உனக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா. அதை வைத்தே ஒரு பாடம் செய்யலாம்.

எர்ணாவூர்: எண்ணூர் கழிமுகத்தில் கயாக் (சிறு துடுப்புப் படகு) வகுப்பு தொடங்கலாமா?

வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படர்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்த சேறு அது. பிள்ளைகள் கவிழ்ந்து பழகும் விளையாட்டை அங்கே வைக்க எனக்கு மனசு வராது.

கொருக்குப்பேட்டை: என் மகளைக் கேம்புக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

அம்மா, மூன்று கேள்வி கேளுங்கள். பெண் பயிற்சியாளர் இரவிலும் தங்குகிறாரா? கழிப்பறை கூடாரத்திலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? தயங்காமல் பதில் சொல்லும் இடத்துக்கு அனுப்புங்கள். ஒரு பெரியவருக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் நான் ஒத்துக்கொள்வதில்லை.

மணலி: ஜிஎஸ்டி கட்டணுமா?

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால். டிடிஎஸ் (கூலி தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் ரிட்டர்ன் போடுங்கள். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எருக்கஞ்சேரி: வருமானம் எப்படி இருக்கும்?

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

ராயபுரம்: பாறை ஏற, மீன்பிடிக் கடையில் விற்கும் நைலான் கயிறு போதாதா? விலை பாதிகூட இல்லை.

போதாது. ஏறுபவர் விழும்போது இழுபட்டுக் கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே பாறை ஏறும் கயிற்றை நெய்கிறார்கள். வலைக்கயிறு வெடுக்கென்று நிற்கும், முதுகெலும்பும் இடுப்பும் அந்த அடியை வாங்கும். வெயிலில் கிடந்தால் உள்ளே நொறுங்கியிருப்பது வெளியே தெரியாது. யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) முத்திரை பார்த்து வாங்குங்கள். யாரோ பயன்படுத்திய கயிற்றை வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

காசிமேட்டுத் தம்பிக்கு: வரும் சனிக்கிழமை காலை ஆறு மணி, தண்டையார்பேட்டை மெட்ரோ வாசல். நோட்டை மறக்காதே.